ஐப்பசிக்கு முன் ஒரு கால்சைன்: கடலூர்க்காரர்களுக்கு ஹாம் ரேடியோ வழிகாட்டி

புயல் கரையைக் கடக்கும் இரவில் செல்போன் டவர் பெரும்பாலும் விழுவதில்லை. அதற்குக் கரண்ட்தான் போகிறது. பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் கொண்டுபோகும் சாலையில் மரம் விழுந்து கிடக்கும். 2011இல் ‘தானே’ புயல் அடித்த பிறகு மாவட்டத்தின் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அந்த இடைவெளியில் தாழங்குடாவிலிருந்தோ கிள்ளையிலிருந்தோ ஆட்சியர் அலுவலகம் இருக்கும் மஞ்சக்குப்பத்துக்கு நாலு வரிச் செய்தி போய்ச் சேர வேண்டும். டவரை நம்பாமல், உரிமம் பெற்ற தனிநபர்கள் செட்டுக்குச் செட் நேரடியாகப் பேசும் வானொலிதான் ஹாம் ரேடியோ. அதற்கான ஆளையும் செட்டையும் உங்கள் ஊரில் தயார் செய்வது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கால அளவைச் சொல்லிவிடுகிறோம். படிப்பு, தேர்வு, உரிமம், ஆன்டெனா, பயிற்சி எல்லாம் சேர்ந்து எட்டு ஒன்பது மாதம் பிடிக்கும். பொங்கல் முடிந்ததும் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்குள் தயாராகலாம். புரட்டாசியில் தொடங்குகிறவர்கள் நேரே 9ஆம் படிக்குப் போங்கள். உரிமம் தேவைப்படாத வழி அங்கே இருக்கிறது.

1. யார் உரிமம் எடுப்பது?

12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். ஆனால் ஊருக்காக எடுக்கிறீர்கள் என்றால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். படகோட்டத் தெரிந்தவர், மீட்புக்கு முதல் ஆளாக ஓடுகிறவர் மைக் முன்னால் உட்கார மாட்டார், உட்காரவும் கூடாது. பள்ளி ஆசிரியர், மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர், கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவி என்று புயலன்றும் ஊரிலேயே இருப்பவரைப் பிடியுங்கள். ஒருவர் போதாது. இரவு பகலாக முறை வைத்து உட்கார மூன்று பேராவது வேண்டும். மூவருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும்.

தரம் இரண்டு. கட்டுப்படுத்தப்பட்ட தரம் ஒன்று, பொதுத் தரம் மற்றொன்று. முதலாவதன் கால்சைன், அதாவது காற்றில் உங்களை அடையாளம் காட்டும் பெயர், வி.யு.3 என்று தொடங்கும், இரண்டாவதுடையது வி.யு.2 என்று. பொதுத் தரத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் (எழுத்துகளைப் புள்ளி, கோடு ஒலிகளாக அனுப்பும் முறை) கேட்கவும் அனுப்பவும் தெரிய வேண்டும். பேரிடர் வேலைக்கு வி.யு.3 போதும். மோர்ஸ் கற்றுக்கொண்டு ஒரேயடியாகப் பெரிய தரத்துக்குப் போகலாம் என்று காத்திருந்தே இரண்டு மழைக்காலத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. முதலில் சின்னதை எடுங்கள்.

2. காகிதங்களை ஒரே பெயருக்குக் கொண்டுவருதல்

விண்ணப்பம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் போர்ட்டலில். கையில் வைத்திருக்க வேண்டியவை: புகைப்படம், கையெழுத்தின் ஸ்கேன், பிறந்த தேதிச் சான்று, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நிரந்தரமாக வைத்திருக்கப்போகும் ஒரு செல்போன் எண், ஒரு மின்னஞ்சல்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இன்ஷியலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் செல்வம்’, பான் அட்டையில் ‘முருகன் எஸ்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள், கோப்பைப் பார்ப்பவருக்கு மூன்று பேர். விண்ணப்பத்துக்கு முன்பே ஏதாவது ஒரு வடிவத்தை முடிவு செய்து ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். தேர்வுச் சான்றிதழில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அதே பெயரில்தான் உரிமமும் வரும். நடுவில் மாற்றுவது பெரும்பாடு.

அடுத்தது முகவரி. உரிமம் ஆளுக்கு மட்டுமல்ல, நிலையம் இருக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான். ஆதாரில் மாமியார் வீட்டு முகவரி இருந்து, ஆன்டெனா உங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்தால் அது சிக்கல். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள். செட் வாங்கிய பிறகு அவர் ‘மாடியில் கம்பம் நடக் கூடாது’ என்றால் எல்லாம் வீண்.

பணம் மத்திய அரசின் பாரத்கோஷ் இணையதளம் வழியாகப் போகும். கணக்கில் பணம் கழிந்தும் போர்ட்டலில் நிலை மாறாவிட்டால் உடனே இன்னொரு முறை கட்டாதீர்கள். ரசீதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு ஓரிரு நாள் பாருங்கள்.

3. தேர்வு

சென்னை வட்டாரத்தில் பெருங்குடியில் உள்ள பன்னாட்டு அலைக் கண்காணிப்பு நிலையம்தான் இந்த வேலைகளுக்கான இடம். நாள் குறித்து அழைப்பு வரும். கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் போய்விடலாம் என்று நம்பாமல் முந்தின நாளே போய்விடுவது நல்லது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு போக்குவரத்து நெரிசல் போதும், அடுத்த அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கட்டுப்படுத்தப்பட்ட தரத்துக்கு ஒரு மணி நேரத் தாள், 100 மதிப்பெண், இரண்டு பகுதி. ஒன்று வானொலிக் கோட்பாடு, மற்றது விதிமுறைகள். ஒவ்வொன்றிலும் 40 விழுக்காடும் மொத்தத்தில் 50 விழுக்காடும் வேண்டும். கோட்பாட்டில் ஓம் விதி, மின்தேக்கி, டிரான்சிஸ்டர், அலை பரவும் விதம், ஆன்டெனா நீளக் கணக்கு எல்லாம் வரும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவருக்கு ஆறு வாரம் போதும். பயமுள்ள பகுதி இது, ஆனால் ஆட்கள் தவறுவது இதில் அல்ல. ‘விதிதானே, பார்த்துக்கொள்ளலாம்’ என்று இரண்டாம் பகுதியைத் தொடாமல் போகிறவர்கள்தான் தவறுகிறார்கள். கியூ குறியீடுகள் (கியூ-வில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்), எழுத்துகளை உச்சரிக்கும் ஆல்ஃபா–பிராவோ வரிசை, அபாய அழைப்பு முறை, எந்த அலைவரிசை யாருக்கு, எதையெல்லாம் பேசக் கூடாது என்பவை நேரடிக் கேள்விகள். மனப்பாடம் செய்தால் முழு மதிப்பெண். ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் வெளியிட்ட பாடநூல் போதுமானது.

தேர்வுக் கட்டணம் 100 ரூபாய்.

4. உரிமம் வந்த பிறகே செட்

தேர்ச்சிச் சான்று வேறு, உரிமம் வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. சான்று வந்ததும் அதே போர்ட்டலில் நிலைய உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விரும்பும் கால்சைன்களை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். தெளிவாக ஒலிக்கும் எழுத்துகளைக் கேளுங்கள். காற்றிரைச்சலில் சொல்லப்போகும் பெயர் அது. கட்டணம் 20 ஆண்டுக்கு 1000 ரூபாய், ஆயுளுக்கு 2000 ரூபாய். கட்டும் நாளில் போர்ட்டல் காட்டும் தொகைதான் இறுதி. சரிபார்ப்புகள் முடிந்து கையில் வர மாதங்கள் ஆகலாம்.

அதற்குள் ஆன்லைனில் மலிவாக ஒரு வாக்கிடாக்கி வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். உரிமம் இல்லாமல் அத்தகைய செட்டை வைத்திருப்பதே குற்றம். வகை ஒப்புதல் (அந்த மாடலுக்கு அரசு தரும் அனுமதி) இல்லாத செட்டுகளை விற்கக் கூடாதென்று 2025இல் இணையக் கடைகளுக்கே தனி வழிகாட்டுதல் வந்துவிட்டது. ‘எல்லா அலைவரிசையிலும் பேசும்படி திறந்துவிட்ட செட்’ என்று ஒருவர் பெருமையாக நீட்டினால் விலகிவிடுங்கள். படகுகளின் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. ஹாம் செட்டிலிருந்து அதில் பேசினால் உங்கள் உரிமமும் போகும், கடலில் தவிப்பவனின் அழைப்பும் மூழ்கும்.

வாங்க வேண்டியது 144–146 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், வாகனத்தில் பொருத்தும் வகைச் செட் ஒன்று. ஏறத்தாழ 20,000 ரூபாயிலிருந்து. கூடவே 5 வாட் கைச்செட் ஒன்றோ இரண்டோ. உரிமத்துடன் உள்ள அட்டவணையில் உங்கள் தரத்துக்கான அலைவரிசைகளும் வாட் உச்சவரம்பும் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

5. ஆன்டெனா: காசை இங்கே கொட்டுங்கள்

செட்டின் வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவதுதான் பலன் தரும். நம் கடற்கரை தட்டையானது, கணக்கு எளிது. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். இருபுறமும் 10 மீட்டர் என்றால் சுமார் 26 கிலோமீட்டர். தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி நகரம் எட்டும். பரங்கிப்பேட்டை விளிம்பில் நிற்கும், ஒரு நாள் கேட்கும், மறுநாள் கேட்காது. சிதம்பரம் எட்டாது. நடுவில் ஒருவர் வாங்கிச் சொல்ல வேண்டும். கைச்செட்டிலிருந்து கைச்செட்டுக்கு என்றால் வீடுகளுக்கு நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டர் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

கால் அலை நீள ஆன்டெனாவை நீங்களே செய்யலாம். 145 மெகாஹெர்ட்ஸுக்கு நடுக்கம்பி 49 சென்டிமீட்டர். கீழே நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் 52 சென்டிமீட்டர், 45 பாகை சரிவாக. எல்லாம் ஒரு பேனல் கனெக்டரில் பற்றவைக்கப்பட்டிருக்கும். பொருட்செலவு ஆயிரத்துக்குள். கம்பிக்கு எவர்சில்வர் அல்லது பித்தளை எடுங்கள். சாதாரண இரும்புக் கம்பியை நம் உப்புக்காற்று ஒரே வருடத்தில் தின்றுவிடும்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் 20 மீட்டர் போட்டால் 10 வாட்டில் 4 வாட்தான் மேலே போய்ச் சேரும். தடித்த ஆர்.ஜி.-213 போட்டால் ஆறரை வாட் போகும். கனெக்டர் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப்பைச் சுற்றுங்கள். மழைநீர் கேபிளுக்குள் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, சிக்னல் மட்டும் செத்துப்போகும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவைத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

கம்பம் ஜி.ஐ. பைப். மூன்று திசையில் ஸ்டே கம்பி. அடியில் ஒரே ஒரு போல்ட்டில் மடங்கும்படி வையுங்கள், இரண்டு பேர் பத்து நிமிடத்தில் சாய்த்துவிட வேண்டும். மடங்காத கம்பம் புயலில் உங்களை மாடிக்கு வரவழைக்கும். விழுந்தால் மின்வாரியக் கம்பியைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று நடுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

சென்னையோடு நேரடியாகப் பேச வேண்டுமென்றால் 40 மீட்டர் பட்டை, அதாவது 7.0–7.2 மெகாஹெர்ட்ஸ். இதற்குத் தனிச் செட், செலவும் பலமடங்கு. எல்லா ஊருக்கும் இது வேண்டாம், வட்டத்துக்கு ஒன்று போதும். ஆன்டெனா மட்டும் மலிவு: பக்கத்துக்குப் பத்து மீட்டராக மொத்தம் 20 மீட்டர் செம்புக் கம்பி, நடுவில் ஒரு சவுக்குக் கம்பம், இரு முனையும் சரிந்து தலைகீழ் ‘வி’ போல. உயரம் 6 மீட்டர் இருந்தால் போதும். தாழ்வாக இருப்பதுதான் இங்கே நல்லது. அலை செங்குத்தாக மேலே போய்த் திரும்பி, சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். பின்னிரவில் பக்கத்து நிலையங்கள் மறைந்துபோனால் செட் பழுதென்று நினைக்காதீர்கள். அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் மெலிந்திருக்கும், விடிந்ததும் வரும்.

6. பேட்டரி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது

இன்வெர்ட்டருக்குக் கீழே 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி இருக்கிறதல்லவா, அதுதான். செட்டை இன்வெர்ட்டரின் பிளக்கில் சொருகாதீர்கள். இரைச்சலும் வரும், மின்சாரமும் வீணாகும். பேட்டரி முனையிலிருந்தே நேராக 12 வோல்ட் எடுங்கள், முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு. இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்த 24 வோல்ட் இன்வெர்ட்டர்களும் உண்டு. மீட்டர் வைத்துப் பார்க்காமல் இணைத்தால் செட் அன்றே புகையும்.

கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர், 10 வாட்டில் பேச 5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் கேட்டு, மொத்தம் இரண்டு மணி நேரம் பேசினால் 22 ஆம்பியர்-மணி. பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கையில் 75. மூன்று நாளுக்குமேல் வரும், அதுவும் ஃபேனும் லைட்டும் அதில் ஓடாவிட்டால். புயல் எச்சரிக்கை வந்ததும் வீட்டு லோடைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் சண்டை வரும். அதையும் பருவமழைக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த பேட்டரி மாடிப்படிக்குக் கீழே தரையில் இருக்கும். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது கரையோரத்தில் முதலில் நனைந்தவை தரையில் இருந்த பொருட்கள்தான். தண்ணீர் ஏறிய அளவு சுவரில் இன்னும் தெரியும். அதற்கு ஒரு முழம் மேலே ஸ்டாண்டு அடியுங்கள். சோலார் பலகை நல்லதுதான், ஆனால் மேகம் மூடிய முதல் இரண்டு நாளில் அதை நம்ப வேண்டாம்.

7. ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கடிதம்

பலரும் விட்டுவிடும் படி இது. ஹாம் நிலையம் சாதாரண நாளில் பிறருக்காகச் செய்தி கடத்தக் கூடாது. இயற்கைச் சீற்றத்தின்போது கடத்தலாம், ஆனால் அந்தச் செய்தி மாவட்ட ஆட்சியரிடமிருந்தோ, அவருக்கோ, அவர் அதிகாரமளித்த அலுவலருக்கோ இருக்க வேண்டும் என்பது விதி. எனவே ஆகஸ்ட் மாதத்திலேயே மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் ஒரு மனு கொடுங்கள். அதில் உரிம நகல்கள், கால்சைன்கள், நிலையங்கள் உள்ள ஊர்கள், பயன்படுத்தும் அலைவரிசை, பொறுப்பாளரின் எண் இருக்க வேண்டும். கேட்க வேண்டியது இரண்டு: யாரிடம் செய்தி கொடுப்பது என்பதற்கு எழுத்தில் ஒரு பதில், கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் ஒரு ஹாம் உட்கார இடம். அந்த முனையில் ஆள் இல்லையென்றால் உங்கள் ஊர் நிலையம் காற்றோடுதான் பேசிக்கொண்டிருக்கும்.

வட்டாட்சியருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் நகல் கொடுங்கள். தென்பெண்ணைக்கு வடக்கே, பாகூர் பக்கம் உள்ளவர்களுக்கு ஆட்சியரே வேறு. உங்கள் மனு புதுச்சேரிக்குப் போக வேண்டும்.

8. செய்தியை எழுதிவிட்டுப் பேசுங்கள்

மைக் கையில் வந்ததும் பதற்றத்தில் கதை சொல்லத் தோன்றும். கதை போய்ச் சேராது. ஒரு நோட்டில் எண், அவசரநிலை, நேரம், எங்கிருந்து, யாருக்கு, என்ன என்று முதலில் எழுதிவிட்டு, எழுதியதை அப்படியே படியுங்கள்:

‘எண் 4. அவசரம். நேரம் 0215. தாழங்குடாவிலிருந்து ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு. பள்ளி முகாமில் 140 பேர். இன்சுலின், பால்மாவு தேவை. சாலையில் இடுப்பளவு தண்ணீர். படகு மட்டுமே வரும். முடிந்தது.’

எதிர்முனை முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ‘ஒன்று, நான்கு, சுழியம்’. இரைச்சலில் இருபதும் எழுபதும் ஒன்றுதான், ஒன்பதும் ஐம்பதும் அப்படியே. ஊர்ப் பெயரோடு ஒன்றியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘புதுக்குப்பம்’ என்று மட்டும் சொன்னால் இந்தக் கடற்கரையில் எத்தனையோ புதுக்குப்பங்கள். சங்கேத மொழி, மறையாக்கம் எதுவும் கூடாது. தமிழிலேயே பேசலாம், கால்சைனை மட்டும் ஆங்கில எழுத்துகளாகச் சொல்ல வேண்டும். எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இதைப் பழக ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கால் மணி நேரம் போதும். ஒருவர் நடத்துநர், மற்றவர்கள் பெயர் கூப்பிட்டதும் வந்து ஒரு பயிற்சிச் செய்தி கொடுப்பார்கள். மாதம் ஒருமுறை பேட்டரியில் மட்டும் நடத்துங்கள். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் நிலையம்) எட்டுகிற இடமானாலும் அதை விட்டுவிட்டு நேரடியாகப் பேசிப் பழகுங்கள். புயலில் ரிப்பீட்டரும் ஒரு டவர்தான்.

9. உரிமம் இல்லாதவர்களுக்கு

446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் அரை வாட்டுக்குள் இயங்கும், வகை ஒப்புதல் பெற்ற கைச்செட்டுகளுக்கு உரிமம் வேண்டாம். தெருக்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் போகும். முகாமுக்கும் சமையல் கூடத்துக்கும் நடுவே போதும்.

இன்னொரு வழி மெஷ்டாஸ்டிக். 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் சிறு லோரா (குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் வானொலி) பலகைகள், ஒன்று சுமார் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய். செல்போனோடு புளூடூத்தில் இணைத்துக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போகும். அமைப்பில் இந்தியாவுக்கான 865 பகுதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வேலை செய்யாது. வெளிநாட்டு 915 அல்லது 433 பலகையைத் தவறி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். மூன்றாவது பொறி நம் மொழியிலேயே இருக்கிறது. ஒரு செய்திக்கு ஏறத்தாழ 200 பைட்தான் இடம், தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘தண்ணீர்’ என்ற ஒரு சொல்லே 21 பைட். ஆகவே நாற்பது எழுத்துக்குள் சொல்லப் பழகுங்கள், அல்லது ‘1 – மருந்து, 2 – படகு, 3 – உணவு’ என்று எண் பட்டியலை அச்சடித்து எல்லாக் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

வேலை செய்கிற வரை செல்போன்தான் முதல் வழி: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, மாநிலக் கடலோரக் காவல்துறை 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. சுவரில் எழுதி வையுங்கள், போனில் மட்டும் சேமிக்காதீர்கள்.

10. புயலன்று

காற்று பலக்கும் முன்பே, பகல் வெளிச்சத்தில் கம்பத்தைச் சாய்த்துக் கட்டிவிடுங்கள். உள்ளே ஜன்னலோரம் தொங்கவிட ஒரு சுருட்டும் வகை ஆன்டெனா தனியாக இருக்கட்டும். தூரம் குறையும், ஆனால் பேச்சு நிற்காது. இடி இருக்கும்போது கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போடுங்கள். காற்று திடீரென்று அடங்கினால் மாடிக்கு ஓடாதீர்கள். கண் பகுதி கடந்துகொண்டிருக்கலாம். அது போனதும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

பேட்டரி குறைந்தால் ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடம் மட்டும் செட்டைத் திறந்து வைப்பதென்று எல்லா நிலையங்களும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அதற்கு எல்லோர் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். செல்போன் நெட்வொர்க் போய்விட்டால் நேரத்துக்கு ஒரு சாதாரணச் சுவர்க் கடிகாரம், புதுச் செல் போட்டது.

கம்பத்தை மறுபடி நிமிர்த்தியதும் பேசிவிடாதீர்கள். முதலில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பாருங்கள், ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தி திரும்பி வருகிறதா என்று காட்டுவது அது. 1.5க்குள் இருந்தால் சரி, 2ஐத் தாண்டினால் கனெக்டரில் தண்ணீர் போயிருக்கலாம். வெட்டி, உலர்த்தி, புதுக் கனெக்டர் போடுங்கள். அதற்கு இரண்டு கனெக்டர், ஒரு சுருள் டேப், கேஸில் இயங்கும் ஒரு சாலிடரிங் அயர்ன் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு பேட்டரி ஸ்டாண்டின் மேல் தட்டில் வையுங்கள்.